முதல் ஆடி மாதத்தைத் தாண்டுவது எப்படி? புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் தாம்பூலப் பையும் துணிக்கடைப் பையும் தைத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தொழில் ஆரம்பித்த முதல் வருஷத்திலேயே மூன்று தடவை ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பழைய வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். முதல் தடவை ஆடி மாதம். ஆர்டர் ஒன்றுகூட இல்லை. அடுத்தது ஒரு சனிக்கிழமை. கூலி கொடுக்கக் கையில் காசு இல்லை. இன்னொரு தடவை ஜிஎஸ்டி பதிவுக்கு வந்த நோட்டீஸுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்காமல் கிடந்தேன்.

பிறகு நிதானமாக யோசித்தபோது ஒன்று தெரிந்தது. அந்த மூன்று தடவையும் நான் உழைக்காமல் இல்லை. காசு எந்தத் தேதியில் வரும், எந்தத் தேதியில் போகும், எந்தக் காகிதத்துக்கு எத்தனை நாள் கெடு என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. நாள் தெரியாமல் காத்திருக்கும்போதுதான் மனசு விட்டுப்போகிறது. 'மனசைத் தளர விடாதே' என்று எனக்குச் சொன்னவர்கள் ஏராளம். தேதியைக் குறித்து வை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். லேத் பட்டறை, மரச்செக்கு, மசாலாப் பொடி என்று நீங்கள் எதில் இறங்கினாலும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. வீட்டுச் செலவை முதலில் எடுத்து வையுங்கள்

மெஷின் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவை எழுதுங்கள்: வாடகை, மளிகை, பால், ஸ்கூல் ஃபீஸ், மருந்து, சீட்டு, ஏற்கெனவே ஓடும் இஎம்ஐ. எங்கள் வீட்டுக்கு அப்போது 18,000 ரூபாய் வந்தது. ஆறு மாதத்துக்கு 1,08,000. இந்தப் பணத்தைத் தொழில் கணக்கில் வைக்கக் கூடாது. வீட்டில் இன்னொருவர் பெயரில் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதம் ஒன்றாம் தேதி 18,000 மட்டும் எடுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. என் ஆரம்பச் செலவு இது: பழைய பவர் டேபிள் தையல் மெஷின் இரண்டு 28,000, ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று 19,000, ஷெட் அட்வான்ஸ் 30,000, காடாத் துணி 25,000, ஒயரிங், கட்டிங் டேபிள், கத்திரி, நூல் கோன் எல்லாம் சேர்த்து 13,000. ஆக 1,15,000. இதெல்லாம் போக வீட்டுக்கென்று மிஞ்சியது 30,000. இரண்டாம் மாதமே அது தீர்ந்தது. பிறகு வந்த ஒவ்வொரு ஆர்டர் காசும் மளிகைக்குப் போனது, துணி வாங்கக் காசில்லை, துணி இல்லாததால் அடுத்த ஆர்டரும் இல்லை. ஆடியில் கழுத்துச் செயின் அடகுக்குப் போனது.

எனக்குப் பின்னால் வந்த இருவரிடம் இதைச் சொன்னேன். ஒரு மெஷினைக் குறைத்துக்கொண்டாலும் சரி, வீட்டுக் காசைக் குறைக்காதீர்கள் என்றேன். வாடகைக்குக் கிடைக்கும் மெஷினை வாடகைக்கு எடுங்கள். வேலையில் இருக்கிறீர்கள் என்றால் இந்த ஆறு மாதப் பணம் சேரும்வரை வேலையை விடாதீர்கள்.

2. காகித வேலையை முதல் மாதத்திலேயே முடியுங்கள்

இதை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. தள்ளிய காகிதம் நல்ல ஆர்டர் வரும் அன்றைக்குப் பார்த்துக் குறுக்கே நிற்கும். எந்த வரிசையில் எடுப்பது என்று சொல்கிறேன்.

உத்யம் பதிவு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இது. இதற்குக் கட்டணம் கிடையாது. ஆதார், பான், ஆதாரோடு இணைந்த கைப்பேசி, வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே முடித்துவிடலாம். பிரிண்ட் எடுக்க மட்டும் காசு. ஒருமுறை பதிந்தால் புதுப்பிக்க வேண்டியதும் இல்லை. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் முதலில் வந்து நின்று இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும். முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

இதில் ஒரு இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். உங்கள் தொழில் உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று கேட்பார்கள். தைத்துக் கொடுப்பவர் 'வியாபாரம்' என்று போட்டுவிட்டால், பணம் தாமதமானால் சட்டம் தரும் பாதுகாப்பு கிடைக்காது. வாங்கி விற்பவர்களுக்கு உத்யம் இருந்தாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே. பை, பெட்ஷீட் போன்ற துணிப் பொருள் தைப்பது தொழில் வகைக் குறியீட்டில் 1392 என்ற பிரிவில் வரும். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துச் செய்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைச் சரிபாருங்கள்.

மின் இணைப்பு. வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டாதீர்கள். குறுந்தொழில்களுக்கு 12 கிலோவாட் வரை தனிக் கட்டண விகிதம் இருக்கிறது. ஷெட் வாடகைக்கு எடுக்கும்போதே அங்கிருக்கும் இணைப்பு எந்த விகிதத்தில் ஓடுகிறது என்று பழைய ரசீதை வாங்கிப் பாருங்கள். கடைக்கான விகிதத்தில் இருந்தால் மாற்றிக் கொடுக்கச் சொல்லி, ஓனரிடம் சம்மதக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இதே ரசீதும் வாடகை ஒப்பந்தமும்தான் ஜிஎஸ்டிக்கும் வங்கிக்கும் முகவரிச் சான்று.

கரண்ட் அக்கவுண்ட். தொழிலுக்கான வங்கிக் கணக்கு இது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கணக்குத் தொடங்கும் முன்பே கேளுங்கள். பெரிய தொகை கேட்கும் வங்கியில் தொடங்கிவிட்டு மாதாமாதம் அபராதம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, சின்னத் தொகைதான் என்றாலும், மனசைக் குடையும்.

ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். ஜாப் ஒர்க் (அடுத்தவர் துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பது) மாதிரி சேவை என்றால் 20 லட்சம். ஆனால் பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். நம் பக்கம் இதில் மாட்டுபவர்கள் அதிகம். கோயமுத்தூர்க்காரருக்குப் பாலக்காடு ஒரு மணி நேரப் பயணம். அது வேறு மாநிலம் என்று நினைப்பே வராது. எனக்கு வந்த முதல் பெரிய கல்யாண ஆர்டரே பாலக்காட்டுப் பார்ட்டிதான். ஜிஎஸ்டி இல்லாததால் அது கைநழுவியது.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார், போட்டோ, மின் ரசீது, வாடகை ஒப்பந்தம், வங்கி விவரம் போதும். எதிலாவது சந்தேகம் என்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் போட ஏழு வேலை நாள்தான். நான் பயந்தது இதற்குத்தான். என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? மின் ரசீதில் இருந்த பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருந்த பெயரும் வேறு. ரசீது ஓனருடைய அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று நகலும் ஓனரின் ஒரு கடிதமும் ஏற்றினேன், முடிந்தது. நோட்டீஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் மூடி வைக்காதீர்கள். அன்றைக்கே திறந்து, என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிப் பாருங்கள்.

பதிவு வாங்கிவிட்டால் விற்பனை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்) போட வேண்டும். வெற்று ரிட்டர்னுக்கும் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும். விற்பனை இருந்தால் 50. வருஷம் 5 கோடிக்குக் கீழே விற்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் முறையை எடுத்துக்கொள்ளலாம். அதில் விற்பனை விவரத்துக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, வரி ரிட்டர்னுக்கு நம் மாநிலத்தில் 22. கட்ட வேண்டிய வரி இருந்தால் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு அந்தந்த அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்.

உணவுப் பொருள் செய்பவர்கள் முதல் பாக்கெட் விற்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை வாங்கிவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஆள் வைத்தால் இஎஸ்ஐ, இருபது பேர் என்றால் பிஎஃப். இது முதல் வருஷத்தில் பெரும்பாலும் வராது.

3. ஒரு காலண்டர், இரண்டு பேனா

பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை மெஷினுக்கு நேர் எதிரே மாட்டுங்கள். காசு போகும் தேதிகளைச் சிவப்பில் எழுதுங்கள்: வாடகை, கரண்ட் பில், துணிக்காரருக்குக் கொடுக்க வேண்டியது, ரிட்டர்ன் தேதி, ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி. காசு வரும் தேதிகளை நீலத்தில். பார்ட்டி சொன்ன தேதியை எழுதாதீர்கள். அதோடு பத்து நாள் கூட்டி எழுதுங்கள்.

சிவப்பு வந்து நீலம் வராத வாரங்கள் மூன்று வாரம் முன்பே கண்ணுக்குத் தெரியும். அந்த மூன்று வாரம் கையில் இருந்தால் ஏதாவது செய்யலாம். சின்ன ஜாப் ஒர்க் பிடிக்கலாம், துணிக்காரரிடம் முன்கூட்டியே தவணை கேட்கலாம். முன்கூட்டிக் கேட்பவருக்குத் தவணை கிடைக்கும். தேதி கடந்தபின் போனை எடுக்காமல் இருப்பவருக்கு அடுத்த லோடு துணி கிடைக்காது.

4. நம் வாரம் சனிக்கிழமையில் முடிகிறது

திருப்பூரில் வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். புதிதாக வருபவர்கள் மாதச் சம்பளக் கணக்கிலேயே யோசித்து இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

நான் சொன்ன அந்தச் சனிக்கிழமையை மறக்கவே முடியாது. தைக்கும் அக்கா இருவரும் ஆறு மணிக்கு மெஷினைத் துடைத்து, கத்திரியைப் பைக்குள் வைத்து, ஷெட் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பணம் போடுகிறேன் என்ற கடைக்காரருக்கு நான் உள்ளே நின்று ஏழாவது தடவையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்கு மூத்தவர் எழுந்து வந்து, "பரவால்ல கண்ணு, திங்கக்கெழம குடு. பஸ்ஸுக்கு மட்டும் அம்பது ரூவா இருந்தா குடு" என்றார். அவர் வீட்டுக்கு அந்த வாரம் அரிசி வாங்க வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். அன்று ராத்திரிதான் ஷெட்டைப் பூட்டிவிடுவது என்று இரண்டாம் தடவை முடிவெடுத்தேன்.

அதற்குப் பிறகு இப்படி மாற்றிக்கொண்டேன். இரண்டு வாரக் கூலியை ஒரு தகர டப்பாவில் ரொக்கமாக வைத்திருக்கிறேன். எடுத்தால் அடுத்து வரும் காசில் முதலில் அதைத்தான் நிரப்புவேன். பாக்கி கேட்கும் போன்களை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுவதில்லை. செவ்வாயும் புதனும் பேசி முடிக்கிறேன். ஈரோட்டுக் கடைக்காரர்கள் திங்கள் ராத்திரி, செவ்வாய் ஜவுளிச் சந்தையில் நிற்பார்கள். அவர்களுக்குப் புதன் காலை பேசினால் கையில் காசும் இருக்கும், பேச நேரமும் இருக்கும்.

5. தினம் ஒரு பக்கம்

எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் காலை ஷெட்டைத் திறந்ததும், விளக்கேற்றி முடித்த கையோடு, நான்கு வரி எழுதுகிறேன்.

நேற்று எத்தனை பை தைத்து முடித்தோம். நேற்று புதிதாக எத்தனை பேரிடம் வேலை கேட்டேன். யார் எவ்வளவு தர வேண்டும். இன்று முடிக்க வேண்டிய ஒரே ஒரு வேலை எது.

இரண்டாவது வரிதான் என்னைக் காப்பாற்றியது. ஆர்டர் வருவது நம் கையில் இல்லை. கேட்பது நம் கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டேன்: ஒரு மண்டபம், ஒரு ஜவுளிக்கடை, ஒரு பத்திரிகை அச்சடிக்கும் கடை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர்தான் அடுத்து தாம்பூலப் பை தேடுவார் என்பதால் அச்சகக்காரர்கள் எனக்கு ரொம்ப முக்கியம். முதல் மாதம் எழுபத்திரண்டு பேரிடம் கேட்டேன். நான்கு ஆர்டர் வந்தது. நோட்டு இல்லாவிட்டால் 'அறுபத்தெட்டு பேர் வேண்டாம் என்றார்கள்' என்பது மட்டும்தான் மனதில் நின்றிருக்கும். நோட்டைப் பார்த்ததால், பதினெட்டுப் பேரிடம் கேட்டால் ஒன்று வருகிறது என்று கணக்குத் தெரிந்தது. கேட்பதற்குக் கூச்சம் விட்டுப்போனது அன்றிலிருந்துதான்.

ஒருநாள் எழுத விட்டுப்போனால் மறுநாள் இரண்டு பக்கம் எழுத உட்காராதீர்கள். விட்ட பக்கத்தை வெறுமையாக விட்டு, இன்றைய பக்கத்தை எழுதுங்கள். வெறும் பக்கம் தொடர்ந்து மூன்று வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

நேரமும் அப்படித்தான். வீட்டு வேலை, பிள்ளைகள், மாமியார் மாமனார் மருந்து எல்லாம் இருக்கும். நான் காலை 9 முதல் 11 வரை வெளியில் வேலை கேட்கும் நேரம் என்று கட்டிவிட்டேன். அந்த இரண்டு மணி நேரம் மெஷினில் உட்காருவதில்லை. சின்ன யூனிட் நடத்துபவர்கள் தாங்களே தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தைப்பது நமக்குத் தெரிந்த வேலை, மனசுக்கு நிம்மதி. ஆனால் கையில் இருக்கும் ஆர்டர் முடிந்த அன்று அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்போம்.

6. பில்லும் 45 நாளும்

புதிதாக வருபவரின் உற்சாகத்தைக் குடித்துவிடுவது வராத பாக்கிதான். இதில் நமக்கு இருக்கும் சட்ட உரிமை பலருக்குத் தெரியாது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. பொருளில் குறை இருந்தால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் தராத தொகையைப் பணம் தரும்வரை வாங்கியவர் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அதனால் மார்ச் மாதத்தில் ஆடிட்டரே அவர்களுக்கு ஞாபகப்படுத்துவார். நீங்களும் பிப்ரவரி கடைசியிலேயே பாக்கிப் பட்டியலை அனுப்பிவிடுங்கள்.

இந்த உரிமை வேலை செய்ய, டெலிவரிக்கு முன் உத்யம் பதிவு இருக்க வேண்டும். கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: ஆர்டர் (போனில் சொன்னதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கினால்கூடப் போதும்), ஒப்புதல் கொடுத்த மாதிரிப் பை ஒன்று, கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான், உத்யம் எண் அச்சடித்த பில்.

கையெழுத்து வாங்காமல் போய் எனக்கு நடந்தது இது. ஒரு ஜவுளிக்கடைக்கு இரண்டாயிரம் பை கொடுத்தேன். ஐம்பது நாள் கழித்துப் பாக்கி கேட்கப் போனேன். "அம்மிணி, பிரிண்டு மங்கலா இருக்குதுன்னு நம்ம பையன் சொன்னானுங்க. நாலாயிரம் கழிச்சுக்கலாமுங்களா?" என்றார் ஓனர். "ஏனுங்கண்ணா, அன்னைக்கே சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பனே" என்றேன். "அன்னைக்கு நோம்பிக் கூட்டமுங்க, யாரு பிரிச்சுப் பாத்தது" என்றார். நல்ல மனிதர்தான், ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவரில்லை. ஆனால் என் கையில் மாதிரிப் பையும் இல்லை, சலானில் கையெழுத்தும் இல்லை. நாலாயிரம் போனது. என் லாபமே மூவாயிரத்து எண்ணூறு.

இப்போது மாதிரிப் பையின் உள்பக்கம் பார்ட்டியிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி, ஷெட்டில் ஆணியில் மாட்டி வைக்கிறேன். யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

சட்டத்தை எடுத்த எடுப்பில் காட்டாதீர்கள். 30ஆம் நாள் மரியாதையாக ஒரு வாட்ஸ்அப், 40ஆம் நாள் ஒரு போன், 46ஆம் நாள் உத்யம் எண்ணோடு ஒரு கடிதம். கடிதத்திலேயே பெரும்பாலும் முடியும். முடியாவிட்டால் மத்திய அரசின் குறு, சிறு தொழில் துறை இணையத்தளத்தில் புகார் பதியலாம். வழக்கு, தாமதப் பாக்கியை விசாரிக்கும் வசதிக் குழுமத்துக்குப் போகும். புது பார்ட்டி என்றால் பாதி அட்வான்ஸ் வாங்கிய பின்னரே துணி வெட்டுங்கள். அட்வான்ஸ் தர மறுப்பவர் பாக்கியும் தாமதமாகத்தான் தருவார் என்பது என் கணிப்பு. இதுவரை அது பொய்க்கவில்லை.

7. கடன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

மானியக் கடன் வந்தபின் ஆரம்பிக்கலாம் என்று வருஷக் கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். காத்திருப்பதிலேயே ஆசை வற்றிவிடுகிறது. கடனுக்கு ஓடுங்கள், அதே சமயம் கையில் இருப்பதை வைத்துக் கேட்கும் வேலையை, மாதிரி தைத்துக் காட்டும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

விசாரிக்க வேண்டிய இடம் உங்கள் மாவட்டத் தொழில் மையம். மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 விழுக்காடு மானியம், உச்சம் 3.75 லட்சம். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்திலும் 25 விழுக்காடுதான். உச்சம் 75 லட்சம், திட்டமும் பெரியதாக இருக்க வேண்டும். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தி என்றால் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை. அதில் கிராமப்புறத்தில் தொழில் வைக்கும் பெண்களுக்கு மானியம் 35 விழுக்காடு, சொந்தப் பங்கு 5 விழுக்காடு. முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடனில் மானியம் இல்லை, அடமானமும் இல்லை. 50,000 வரை சிசு என்ற பிரிவு, 5 லட்சம் வரை கிஷோர் என்ற பிரிவு. விதிகள் மாறுவதுண்டு, நேரில் போய் இந்த வருஷ விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், பான், ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, வாடகை ஒப்பந்தம், மெஷின் கொட்டேஷன், திட்ட அறிக்கை, கிராமப்புறம் என்றால் அதற்கான சான்று.

மூன்று இடத்தில் கவனம். மானியத் திட்டங்கள் புதிய தொழிலுக்குத்தான். ஒப்புதல் வரும் முன்பே மெஷின் வாங்கி பில் போட்டுவிட்டால் சிக்கல். அடுத்து, மானியம் கையில் வராது. பிரதமர் திட்டத்தில் அது மூன்று வருஷம் வங்கியில் வைப்பாக நிற்கும். தவணை ஒழுங்காகக் கட்டினால்தான் கடனில் கழியும். கடைசியாக, 'நான் வாங்கித் தர்றேன்' என்று பங்கு கேட்டு வரும் ஆளிடம் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். விண்ணப்பம் இணையத்திலேயே இருக்கிறது. தொழில் மையத்திலேயே உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள்.

வங்கி பின்னாளில் வருமான வரி ரிட்டர்ன் கேட்கும். முதல் வருஷ வருமானம் வரி கட்டும் அளவு இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.

8. உங்கள் தொழிலின் ஆடி எது?

எனக்கு ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் முகூர்த்தம் கிடையாது. தாம்பூலப் பை கேட்க ஆள் வராது. முதல் ஆடியில் இது தெரியாமல், என் வேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது, எனக்குப் பேசத் தெரியவில்லை போலிருக்கிறது என்று என்னையே நொந்துகொண்டேன். ஈரோட்டில் முப்பது வருஷமாகப் பை விற்கும் பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: "ஆடில தாம்பூலப் பை எவன் கேப்பான் சாமி? ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைக்காரனுக்குப் பை வேணுமில்ல? அத ஆனியிலயே போயிக் கேக்கோணும்."

அடுத்த வருஷம் வைகாசிக் கடைசியிலிருந்தே கடைகளுக்குப் போனேன். ஆடியில் மெஷின் நிற்கவில்லை. புரட்டாசிக்குத் தீபாவளி ஸ்வீட் கடைப் பைகள். அதை ஆவணியில் கேட்க வேண்டும். மார்கழிக்குப் பழனிப் பாதயாத்திரைக் குழுக்களின் தோள்பை. கார்த்திகையில் கேட்க வேண்டும்.

உங்கள் தொழிலில் பழைய ஆட்கள் ஐந்து பேரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த மாதம் ஓடாது, அந்த மாதம் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலைக் காலண்டரில் குறியுங்கள். ஆள் இல்லாத நாட்களையும் குறியுங்கள். தீபாவளி, பொங்கல், ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம் பத்து நாள் தையல் ஆள் வராது. வடநாட்டுத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள். அந்த வாரத்தில் டெலிவரி ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓடாத மாதத்தின் மிச்ச நாட்களில் மெஷின் சர்வீஸ், கணக்கு, புது மாதிரி.

9. யாரிடம் பேசுவது

ஒருவர் போதும். உங்கள் தொழிலில் உங்களைவிட ஐந்து வருஷம் முன்னால் போனவர், உங்களுக்குக் கடன் கொடுக்காதவர், உங்களிடம் எதையும் விற்காதவர். மாதம் ஒருநாள் நோட்டோடு போய் அரை மணி நேரம் உட்காருங்கள். சொந்தபந்தத்தில் கைமாற்று வாங்கினால் தேதியும் வட்டியும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். விசேஷ வீட்டில் முகம் பார்க்க முடியாமல் போவதைவிட அந்தத் தாள் நல்லது. வீட்டில் கணவரோ மனைவியோ அந்தச் சிவப்பு நீலக் காலண்டரை வாரம் ஒருமுறை பார்க்கட்டும். எங்கள் வீட்டில் அவர் ஷெட்டுக்கு வந்து அதைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, "இந்த மாசம் எவ்வளவு மிச்சம்?" என்ற கேள்வி நின்று, "பத்தொம்பதாந் தேதி வர வேண்டியது வந்துதா?" என்ற கேள்வி வந்தது. இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

10. விட்டுவிடலாமா என்று யோசிக்கவும் ஒரு தேதி

எல்லாம் செய்தும் தொழில் ஒத்து வராமல் போகலாம். நிறுத்துவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சனிக்கிழமை ராத்திரியிலோ ஆடி மாதத்திலோ முடிவெடுக்கக் கூடாது. வருஷத்தில் இரண்டு நாள் இதற்கென்று வைத்திருக்கிறேன். மாசி முதல் ஞாயிறு, ஆவணி கடைசி ஞாயிறு. இரண்டும் சீசன் ஓடும் நேரம். கணக்கு உண்மையைச் சொல்லும். நடுவில் எந்த நாள் அந்த எண்ணம் வந்தாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு ஒரு வரி எழுதிவிட்டு, அன்றைய வேலையைப் பார்க்கிறேன்.

அந்த ஞாயிறன்று எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியவை: ஆறு மாத நோட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், வர வேண்டியதும் தர வேண்டியதும் எழுதிய தாள், வீட்டுக்கென்று ஒதுக்கிய கணக்கின் பாஸ்புக். மூன்று கேள்வி. வீட்டுப் பணம் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? பழைய பார்ட்டிகளில் எத்தனை பேர் இரண்டாம் தடவை ஆர்டர் கொடுத்தார்கள்? போன ஆறு மாதத்தைவிட பாக்கி வர ஆகும் நாட்கள் குறைந்திருக்கின்றனவா? வீட்டுப் பணம் மூன்று மாதத்துக்குக் கீழே இறங்கி, திரும்பி வந்த பார்ட்டியும் ஒருவர்கூட இல்லையென்றால், மெஷினை நல்ல விலை போகும் தீபாவளி சீசனுக்கு முன் விற்றுவிடுங்கள். திரும்பி வருபவர்கள் இருந்து காசு மட்டும் தாமதம் என்றால், அடுத்த ஆறு மாதத்துக்கு அட்வான்ஸ் தருபவருக்கு மட்டும் தையுங்கள். என் கடைசிப் பக்கத்தில் முதல் வருஷம் மூன்று வரி இருந்தது. போன மாசி ஞாயிறன்று திருப்பிப் பார்த்தபோது ஒரு வரி. தேதி ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, ஆடி 17.